டூட்டிக்கு முன் 3 நிமிட விழிப்பு டெஸ்ட்: டிஸ்ப்ளே மாற்றிய பிறகு

டூட்டிக்கு முன் டிரைவர்களின் விழிப்பைச் சோதிக்கிற ஆப் எங்கள் டெப்போ டேப்லெட்டில் ஓடுகிறது. அந்த டேப்லெட்டுக்குப் புது டிஸ்ப்ளே போட்ட மறுநாள், நைட் ஷிப்ட் டிரைவர்கள் அத்தனை பேரும் ‘களைப்பு’ என்று சிவப்பில் வந்தார்கள். ஒருத்தர் இரண்டு பேர் என்றால் தூக்கம் போதவில்லை எனலாம். எல்லாருமே ஒரே நாளில் மெதுவானால் கோளாறு கருவியில்தான். இந்த ஆப்பை வாங்கலாமா என்று வேறொரு டெப்போவிலிருந்து ஒரு நண்பர் கேட்டதால் எழுதுகிறேன்.

திரையில் எண் ஓட ஆரம்பித்ததும் தட்டுகிற டெஸ்ட்தான் இது. ஆய்வாளர்கள் டிங்கஸும் பவலும் 1985-ல் கொண்டுவந்த மூல வடிவம் 10 நிமிடம். அதில் தட்ட 500 மில்லிவினாடி தாண்டினால் ‘தவறல்’, அதாவது கவனம் நழுவியதாகக் கணக்கு. 3 நிமிடச் சுருக்கத்தில் வரம்பு 355. வம்பு இங்கேதான். நன்றாகத் தூங்கி வந்தவர் 280-ல் தட்டுகிறார் என்று வையுங்கள். டேப்லெட் தன் பங்குக்கு 80 சேர்த்தால் 360, தவறல் கணக்கில் விழுந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு முறை புதுப்பிக்கவே 16.7 மில்லிவினாடி எடுக்கும். தொடுதலை உணரும் நேரம், ஆப் அதைக் கணக்கில் எடுக்கும் நேரம் எல்லாம் அதற்கு மேல். தடித்த டெம்பர்டு கிளாஸ், வியர்த்த விரல், பேட்டரி சேவர் மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆப்காரர்களோ எல்லாருக்கும், எல்லாக் கருவிக்கும் ஒரே வரம்பை வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய பிழைப்பு தொங்குகிற எண்ணில் இவ்வளவு அலட்சியம் கூடாது.

டேப்லெட்டோடு மவுஸை இணைக்கிற ஓ.டி.ஜி. கேபிளில் ஒயர் மவுஸைச் செருகி அதன் பட்டனால் தட்டச் சொல்லுங்கள். தாமதம் முழுதாகப் போகாது, ஆனால் ஆளுக்கு ஆள் மாறாது. புளூடூத் மவுஸ் வேண்டாம். பிறகு ஒவ்வொருவருக்கும் நன்றாக ஓய்வெடுத்த நாள்களில் சில முறை எடுத்து, அவரவர் இயல்பு அளவைப் பதிந்துகொள்ளுங்கள். மவுஸ், திரை, டேப்லெட் எதை மாற்றினாலும் அந்த அளவைப் புதிதாக எடுக்க வேண்டும்.

டெஸ்ட்டின் மேல் எனக்குக் குறையே இல்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். பழகிப் பழகி மார்க் ஏற்றவும் முடியாது. பல நாள் அரைத் தூக்கம் தூங்கியவர் “தெம்பாத்தான் இருக்கேன் சார்” என்று மனதாரச் சொல்வார். தன் களைப்பு அவருக்கே தெரியாது. திரையில் தெரிந்துவிடும். எண் வருமுன்னே முந்தித் தட்டுகிறாரா என்பதையும் பாருங்கள், அதுவும் களைப்பின் அடையாளம். இந்த ஆப்பில் அந்த எண்ணிக்கை மூன்றாவது பக்கத்தில் கிடக்கிறது.

ஓய்வறையில் தூங்கி எழுந்ததும் உட்கார வைக்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். டீ குடித்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி 10 மணிக்குப் பச்சை வந்தவர் விடியற்காலை 4 மணிக்கும் அப்படியே இருப்பார் என்று எந்த டெஸ்ட்டும் உத்தரவாதம் தராது. கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று வாயால் கேட்பதை விட்டுவிடாதீர்கள். பிரீத் அனலைசரும் தனியாக வேண்டும். மவுத்வாஷ் கொப்பளித்திருந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லுங்கள்.

சிவப்பு வந்தால் அன்றைய சம்பளம் போகும் என்ற நிலை இருந்தால் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். தூங்காததை மறைப்பார்கள், ஓய்வு நாளில் வேண்டுமென்றே மெதுவாகத் தட்டி இயல்பு அளவையே ஏற்றி வைப்பார்கள். ஸ்பேர் டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த ஆப்பை வாங்காதீர்கள். ஒவ்வொரு தட்டலின் நேரத்தையும் தனித்தனியாகப் பதிவிறக்க விடுகிற, ஆளுக்கு ஆள் வரம்பு வைக்க விடுகிற வேறு எதையாவது தேடுங்கள்.