திருஷ்டிப் பொட்டையும் விட்டுவைக்காத ஸ்டுடியோ

மகனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, நீங்கள் வழக்கமாகப் போகும் ஸ்டுடியோ எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாளையங்கோட்டையில் இருக்கிறது, பெயர் வேண்டாம். எங்கள் வீட்டு மொட்டை, காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் பிலிம் காலத்திலிருந்து அங்கேதான்.

எடுப்பவர் பெரியவர். குழந்தையைச் சிரி, சிரி என்று பாடாய்ப்படுத்த மாட்டார். அம்மாவைத் தன் தோளுக்குப் பின்னால் நிற்கவைத்துப் பேசச் சொல்லிவிட்டு, தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். லென்ஸ் குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்துவிடும். நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழுமே, அந்தக் கோளாறு அவர் படத்தில் இருக்காது. குழந்தை அழுதால், "பால் குடிச்சிட்டு மெதுவா வரட்டும்" என்பார். அவசரப்படுத்தி நான் பார்த்ததில்லை.

சரி, இதோடு நிறுத்தியிருந்தால் ஐந்து நட்சத்திரம். ஆனால் படம் உள்ளறைக் கம்ப்யூட்டருக்குப் போகிறதே!

சின்னவளின் முதல் பிறந்தநாளுக்கு அவள் ஆச்சி இடது கன்னத்தில் பெரிதாகக் கறுப்புப் பொட்டு வைத்து அனுப்பினார். பிரிண்ட் வந்தபோது பொட்டைக் காணோம். மாநிறப் பிள்ளை மைதா மாவு நிறத்தில் உட்கார்ந்திருந்தது. கழுத்து மட்டும் பழைய நிறம். கேட்டால் டிசைனர் தம்பி, "மச்சம்னு நெனச்சு எடுத்துட்டேன் சார்" என்கிறார். மச்சமாகவே இருந்தால் எடுக்கலாமா? பெரியவளின் மேலுதட்டு மச்சமும் அப்படித்தான் போனது. பள்ளி டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதியிருப்பதே அதைத்தான்!

ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் அதே வெள்ளை. தோலை வழவழப்பாக்கும் பிளக்-இன் ஒன்றை எல்லாப் படத்துக்கும் மொத்தமாக ஓட்டிவிடுகிறார்கள். கை வைக்காத படங்களையாவது பென் டிரைவில் கொடுங்கள் என்றால், "அது தர்றதில்ல சார்". காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அதைக் கல்லாவில் நின்று சொல்லிப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே இது உண்டு என்று பெரியவர் ஒரு பழைய நெகடிவைக் காட்டினார். கீழிருந்து வெளிச்சம் வரும் மேசையில் அதை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார்களாம். கரி பட்ட இடம் வெளிச்சத்தைத் தடுக்கும், பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அம்மைத் தழும்பு போய்விடும். 120 என்ற அகலப் பிலிமில் ஒவ்வொரு நெகடிவும் 6 செ.மீ. சதுரம் இருந்ததால் முடிந்தது. பின்னால் வந்த சிறிய 35 மி.மீ. பிலிமில் குடும்பப் படம் எடுத்தால் நெகடிவில் முகம் புளியங்கொட்டை அளவுகூட வராது, பென்சில் எங்கே வைப்பது? எனக்கென்னவோ, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இருந்த அந்த 35 மி.மீ. கலர் காலத்தில்தான் நம் ஆட்கள் போட்டோவில் ஓரளவு அவரவர் நிறத்தில் இருந்திருக்கிறோம். 2003இல் எடுத்த பெரியவளின் மொட்டைப் படத்தில் சந்தனம் காய்ந்து வெடித்தது வரை தெரிகிறது, நிறமும் அவள் நிறம். லேபில் போட்ட அந்தப் பிரிண்ட் இன்னும் மங்கவில்லை. வீட்டு இங்க்ஜெட்டில் நான் போட்டுச் சுவரில் மாட்டியதெல்லாம் வெளிறிப்போயிற்று.

நண்பருக்கு, போகாதீர்கள் என்றுதான் பதில் அனுப்பினேன். நாங்கள் தை பிறந்ததும் குடும்பப் படத்துக்குப் போகிறோம், முன்பணம் கொடுத்தாயிற்று. தரையில் குப்புறப் படுக்கிற இன்னொருவரை இந்த ஊரில் நான் பார்க்கவில்லை. மீறிப் போவதென்றால், "நிறம் மாற்ற வேண்டாம், மச்சம், பொட்டு எடுக்க வேண்டாம்" என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதவைத்து, மீதிப் பணத்தைப் பிரிண்டைப் பார்த்த பிறகு கொடுங்கள்.