முன்வீல் உதறலா? சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்

பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங் உதறுகிறது என்று வேலூரில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் இந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை காட்டிவிடுங்கள். சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய சின்ன ஷெட்தான், போர்டு வெயிலில் வெளுத்துவிட்டது, ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் வண்டியை ஓட்டிப் பார்க்கிற மெக்கானிக் இங்கே இருக்கிறார்.

என்னுடையது 2011 மாடல் பொலேரோ பிக்கப், அணைக்கட்டு பக்கத்திலிருந்து நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வண்டி. 70 வரை அமைதியாகப் போகும். 80 தொட்டதும் ஸ்டியரிங் கையில் நிற்காது. இதற்கு முன் காட்டிய கடையில் டை ராட் எண்டை (ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் மூட்டு) மாற்றி, அலைன்மென்ட், வீல் பேலன்சிங் எல்லாம் செய்து நீளமாக ஒரு பில் போட்டார்கள், உதறல் அப்படியே இருந்தது. அலைன்மென்ட் சரியில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். இந்த மாதிரி உதறலுக்கு அதைப் போய்ச் சரிசெய்வது காசுக்குக் கேடு.

சத்துவாச்சாரி மெக்கானிக் முதலில் கேள்விதான் கேட்டார். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருகிறதா? (அப்படியென்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.) ஸ்டியரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? சீட்டுக்கு அடியில் அதிர்ந்தால் பின்வீலையோ, பின்வீலுக்கு இன்ஜின் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையோ சந்தேகப்படுவாராம். அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ராணிப்பேட்டை பக்கமாக ஹைவேயில் ஓட்டினார். 80இல் உதறல் வந்ததும் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினார், இன்ஜின் சத்தம் இறங்கியும் உதறல் போகவில்லை, அதனால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் கணக்கில் இல்லை. திரும்பி வந்து சர்வீஸ் ரோட்டில் 20இல் உருட்டும்போதுதான் ஆளைப் பிடித்தார். ஸ்டியரிங் லேசாக இடமும் வலமும் ஆடியது. வெறும் பேலன்ஸ் கோளாறு என்றால் அவ்வளவு மெதுவாகப் போகும்போது தெரியாது.

ஷெட்டுக்கு வந்து ஜாக்கி போட்டார். வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது வலது பக்கம் கொஞ்சம் ப்ளே (லூஸ் ஆட்டம்) இருந்தது, பையனை விட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் ப்ளே நின்றுவிட்டது, அதாவது பேரிங்தான் லூஸ். அதை க்ரீஸ் போட்டு டைட் செய்தார், ஆனால் உதறலுக்குக் காரணம் அது இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார். இடது வீலைச் சுற்றவிட்டு டயர் பட்டனுக்கு (ரோட்டில் படும் பகுதி) நேராக ஒரு ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் பிடித்தார். ஒரு இடத்தில் மட்டும் டயர் புடைத்து வந்து உரசியது. டயருக்கு உள்ளே கம்பி லேயர் பிரிந்து விட்டிருக்கிறது. "அண்ணே, இது பேலன்சிங்ல போகாது. டயரே உருண்டையா இல்ல." ஸ்டெப்னியை மாட்டி மறுபடி ஹைவேக்குப் போனோம், 80இல் ஸ்டியரிங் அசையவே இல்லை.

டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் காட்டினார், 2216. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம், அதாவது 2016இல் வந்த டயர். லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும், லேயர் விட்ட டயர் ஹைவேயில் லோடோடு வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

பார்த்ததற்கும் பேரிங் வேலைக்கும் சேர்த்து 600 ரூபாய்தான் வாங்கினார். டயரை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முன்னால் ரெண்டும் ஒரே மாதிரி போடுங்கள் என்றார். விற்கிற சரக்கு இல்லாததால்தானோ என்னவோ, பேச்சில் அவசரமே இல்லை.

குறை என்றால், உட்கார இடம் கிடையாது, ஆள் குறைவு, சனிக்கிழமை போனால் மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். அலைன்மென்ட் மெஷினும் இல்லை, அதற்கு வேறு கடைக்குத்தான் அனுப்புவார். காலையில் சீக்கிரம் லோடு இல்லாமல் போங்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள், அதை மாட்டித்தான் சோதிப்பார்.