டார்கெட் ரிவால்வரை மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் முன்

பொள்ளாச்சி, உடுமலை, வால்பாறைப் பகுதிகளில் தோப்பும் எஸ்டேட்டும் வைத்திருந்த குடும்பங்கள் பலவற்றில், அந்தக் காலத்தில் முறையாக லைசென்ஸ் பெற்று வாங்கிய துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. உரிமையாளர் காலமானபின் "இதற்கு என்ன விலை போகும்?" என்று வாரிசுகள் கேட்கப் போவது பெரும்பாலும் ஆயுதக் கடையில்தான். கோவையில் அப்படிப்பட்ட ஒரு கடையில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

என் தாய்மாமன் ரைபிள் கிளப் போட்டிகளுக்காக வைத்திருந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே-22 மாஸ்டர்பீஸ் ரிவால்வர்; .22 தோட்டா, ஆறு அங்குலக் குழல், குறிபார்ப்பதற்காகத் திருகிச் சரிசெய்யக்கூடிய பின்குறி. வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்த ஆங்கிலேயர் ஒருவர் ஊர் திரும்பும்போது, உரிய அனுமதியுடன் மாமா அதை அவரிடமிருந்து வாங்கினார். மாமா இறந்ததும், ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அத்தை அதை லைசென்ஸ் பெற்ற அந்தக் கடையில் டெபாசிட் செய்தார். சேகரிப்பாளர்கள் தரக்கூடிய மதிப்பை எழுத்தில் தருவதாகக் கடைக்காரர் சொல்லி, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

வந்தது அரைப் பக்கத் தாள். மாடல் 17, அறுபதுகளின் தயாரிப்பு, மேற்பூச்சு அசல் அன்று, பிடிக்கட்டை அசல் அன்று, ஆகவே மதிப்புக் குறைவு என்று அதில் இருந்தது. அடியில் போட்டிருந்த தொகை, கான்பூரில் தயாராகும் புதிய .32 ரிவால்வரின் விலையில் பாதிகூட இல்லை. அந்தத் தொகைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ளத் தயார் என்ற வரியும் கூடவே இருந்தது.

ஆண்டு தவறு என்பதை ரிவால்வரே சொல்லும். கே-22-க்கு மாடல் 17 என்பதுபோல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் மாடல்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கியது 1957-இல்தான். அதற்குப் பிறகு வந்தவற்றில் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரை வெளியே திறந்தால் அந்த எண் துப்பாக்கியின் உலோகச் சட்டத்தில் (ஃபிரேமில்) பொறிக்கப்பட்டிருக்கும். மாமாவுடையதில் அது இல்லை. மேலும், சட்டத்தின் பக்கத்தகட்டில் நான்கும் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கு முன்னால் ஒன்றுமாக ஐந்து திருகாணிகள் இருந்தன. மேல் திருகாணி 1955 வாக்கில் கைவிடப்பட்டது. வரிசை எண் கே என்ற எழுத்தில் தொடங்குவதால் இது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது என்பதும் தெளிவு. ஆக, 1940-களின் இறுதிக்கும் 1950-களின் நடுவுக்கும் இடைப்பட்ட தயாரிப்பு இது என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். கட்டணம் வாங்கியவருக்கு அந்த ஐந்து நிமிடமும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பூச்சு விஷயம்தான் வயிற்றெரிச்சல். டெபாசிட்டுக்கு முன் மச்சான் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படங்களில் விசையும் ஹேமரும் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி), அந்த நிறுவனம் வழக்கமாகக் கொடுக்கும் பலவண்ணக் கடினப்பதத்துடன், அதாவது இரும்பைக் கடினமாக்கும்போது மேலே படியும் நிறக்கோலத்துடன், தெரிகின்றன. குழலின் எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன. வாய்ப்பகுதியில் உறையில் உரசிய இலேசான தேய்மானம் மட்டுமே இருக்கிறது. கடையில் நாங்கள் பார்த்தபோது அது முழுக்கக் கருகருவென்று மின்னியது. விசையும் ஹேமரும்கூடக் கறுப்பு, முத்திரை மழுங்கியிருந்தது, திருகாணிக் குழிகளின் விளிம்பு பாலிஷ் சக்கரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. மதிப்பிடும் முன் "சர்வீஸ்" செய்ததாகத் தனி பில் வேறு. பூர்வீகக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல எண்ணி இதைச் செய்துவிட்டார்கள் என்று வாதிடலாம். ஆனால் தாங்களே மறுபூச்சுப் பூசிவிட்டு, அசல் பூச்சு இல்லை என்று விலையைக் குறைத்து எழுதியதற்கு என்ன வாதம் இருக்கிறது? கேட்டதற்கு அத்தையிடம், "ஏனுங்கம்மா, பழசாக் கெடந்ததைப் புதுசாட்டப் பண்ணி வெச்சிருக்கறோம், இதுக்குப் போய்க் கோவிச்சுக்கறீங்களே" என்றார்கள்.

சேகரிப்பாளர் உலகில் இந்த வேலைக்குப் பெயர் சேதம். இயல்பாகத் தேய்ந்த அசல் பூச்சு, எவ்வளவு பளபளப்பான மறுபூச்சையும்விட மதிப்பானது. நிறுவனமே தன் தொழிற்சாலையில் மறுபூச்சு செய்திருந்தால் கைப்பிடி அடிப்பகுதியின் வரிசை எண்ணருகே நட்சத்திர முத்திரை இருக்கும். அப்போதும் மதிப்பு சற்றுக் குறையும், ஆனால் சரித்திரம் தெரியும். உள்ளூர்ப் பட்டறையில் பூசியதற்கு அதுவும் இல்லை.

பிடிக்கட்டையின் கதை இதைவிட மோசம். அசல் வால்நட் கட்டையில், திருகாணியைச் சுற்றி வைர வடிவம் விட்டுச் செதுக்கியிருக்கும். வலப்பக்கக் கட்டையின் உட்புறத்தில் ரிவால்வரின் வரிசை எண்ணும் இருக்கும். அடிப்பகுதி, சிலிண்டரின் பின்முகம், குழலின் அடிப்புறம், கட்டையின் உட்புறம் என எல்லா எண்களும் ஒத்துப்போவதுதான் பழைய டார்கெட் ரிவால்வருக்குப் பெரிய பெருமை. எங்களுக்குக் காட்டப்பட்டதில் எண்ணே இல்லாத புதுக் கட்டை மாட்டியிருந்தது. பழையது விரிசல் விட்டதால் எறிந்துவிட்டோம் என்றார்கள். படங்களில் விரிசல் எதுவும் இல்லை.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க ஏல விலையை ரூபாயாக மாற்றிச் சொல்பவரையும் நம்ப வேண்டியதில்லை. அங்கே விற்க நம்மால் அனுப்பிவிட முடியாது; ஏற்றுமதிக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். இங்கே விலையை நிர்ணயிப்பது வேறு கணக்கு: 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி நின்றுபோனதால் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு விலையை ஏற்றுகிறது; 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்கலாம் என்பதால் வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது. இவற்றோடு அசல்தன்மை சேர்ந்தால்தான் சேகரிப்பு மதிப்பு பேசப்படும். இதில் எதுவும் அந்த அரைப் பக்கத்தில் இல்லை.

டெபாசிட் செய்பவர்கள் ரசீதில் வரிசை எண்ணோடு பூச்சின் நிலை, விசை மற்றும் ஹேமரின் நிறம், கட்டையின் உள் எண் ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத்து அனுமதி இல்லாமல் எண்ணெய் துடைப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் கூடாது என்று அதிலேயே குறிப்பிடுங்கள். மதிப்பிடுகிறவரே வாங்குகிறவராகவும் இருந்தால் அந்தத் தாளை ஒரு கொள்முதல் பேரமாக மட்டும் படியுங்கள். தயாரிப்பு விவரத்துக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளை கட்டணம் பெற்றுக்கொண்டு, துப்பாக்கி எப்போது எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் தருகிறது. நாங்களும் அதற்கு எழுதியிருக்கிறோம். அசல் பெட்டியைக் கடைக்குக் கொடுக்காமல் அத்தை பீரோவிலேயே வைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது.

இப்போது ரிவால்வர் அனுமதியுடன் வேறொரு கடையின் டெபாசிட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது. கலெக்டர் அலுவலக லைசென்ஸ் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் யாரிடமாவது வைர வடிவம் கொண்ட பழைய கே சட்ட (கே-ஃபிரேம்) ரிவால்வரின் வால்நட் கட்டை விலைக்கு வந்தால், வலப்பக்கத்தின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே கே என்று தொடங்கும் எண் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். முழு எண்ணை நேரில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.