ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் பிஎஸ்டி: ஐந்து ஃபேன், ஒரு ஹெடர்

கம்ப்யூட்டர் கேபினட்டோடு வந்த வண்ண விளக்கு ஃபேன்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் பிஎஸ்டி ஐந்து ஃபேன் பேக்கை வாங்கிப் போட்டேன். பெயர் வாயில் நுழையாது, ஆனால் கடைசியில் இருக்கும் அந்த 'பிஎஸ்டி'க்காகத்தான் (ஃபேனோடு ஃபேனைக் கோக்கும் வசதி) வாங்கினேன், இன்னொரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தாலும் இதையேதான் வாங்குவேன்.

பழைய ஃபேன்கள் (எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள்) மோலெக்ஸ் என்ற மின் இணைப்பு வழியாக நேரே எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சொருகுகிற வகை. 12 வோல்ட் போகும், கிரவுண்ட் இருக்கும், அவ்வளவுதான். பாட்டு கேட்டாலும் கேம் ஆடினாலும் ஒரே வேகம், ஒரே இரைச்சல். பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய்த் தேடினால் அப்படி ஒரு ஃபேன் ஓடுவதே மதர்போர்டுக்குத் தெரியாது. கண்ணாடிப் பக்கமும் கலர் கலராக விளக்கும் காட்டி விற்கிற மலிவு கேபினட்டுகளில் இந்த வகை ஃபேன் நிறைய வருகிறது, வாங்கும்போதே பின் எத்தனை என்று கேட்டுவிடுவது நல்லது.

பி12இல் நான்கு பின். கிரவுண்ட், 12 வோல்ட், ஓடும் வேகத்தை போர்டுக்குச் சொல்லும் டாக்கோ, எவ்வளவு வேகம் வேண்டும் என்று போர்டு சொல்லும் பிடபிள்யூஎம். மின்சாரம் எப்போதும் முழு 12 வோல்ட்தான் வரும், நான்காவது கம்பியில் 25 கிலோஹெர்ட்ஸில் வரும் சிக்னலை வைத்து ஃபேன் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். மூன்று பின் ஃபேனில் இந்தக் கம்பி இல்லை, அங்கே வோல்டேஜைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். அதனால் மூன்று பின் ஃபேன் வைத்திருப்பவர்கள் பயாஸில் அந்த ஹெடரை (மதர்போர்டில் ஃபேன் வயரைச் சொருகும் இடம்) வோல்டேஜை மாற்றும் டிசி மோடுக்கு மாற்ற வேண்டும், பிடபிள்யூஎம் மோடிலேயே விட்டால் முழு வேகத்தில்தான் கத்தும்.

சரி, பிஎஸ்டி என்ன செய்கிறது? ஒவ்வொரு ஃபேனின் வயரிலும் போர்டில் சொருகும் முனையோடு அடுத்த ஃபேனைச் சொருக இன்னொரு முனையும் இருக்கிறது. ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம், தனியாக ஹப் (பல ஃபேன்களை ஒரு ஹெடரோடு இணைக்கும் சிறு பலகை) வேண்டாம். ஒரு ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியர் வரை தரும், பி12 ஐந்தும் சேர்ந்தாலும் அதைத் தாண்டாது. ஒரு குறை: சங்கிலியில் ஒரு ஃபேனின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும்தான் திரையில் தெரியும், நடுவில் ஒன்று நின்றுபோனாலும் போர்டு சொல்லாது, அவ்வப்போது திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். இது இந்த ஃபேனின் குறை இல்லை, ஹப் போட்டாலும் இதே கதைதான்.

நான் ஐந்தையும் ஒரே ஹெடரில் கோக்கவில்லை. முன்பக்கம் மூன்றும் ஒன்றில், பின்னால் ஒன்றும் மேலே ஒன்றும் இன்னொன்றில், அப்போதுதான் உள்ளே இழுக்கிற காற்றையும் வெளியே தள்ளுகிற காற்றையும் தனித்தனியாக வைக்க முடிகிறது. உள்ளே வருவது கொஞ்சம் கூடுதலாக இருந்தால் வலைவடிகட்டி இல்லாத சந்துபொந்து வழியாகத் தூசி வருவது குறையும், நம் ஊர்த் தூசிக்கு இது பெரிய விஷயம்.

அதிகபட்சம் 1800 ஆர்பிஎம் போகும், குறைந்தபட்சம் 200, சிக்னல் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அப்படியே நின்றுவிடும். 1800இல் ஓடவிட எனக்கு அவசியம் வந்ததில்லை, ஹெட்ஃபோன் இல்லாமல் அங்கே உட்கார முடியாது. எந்த ஃபேனுக்கும் கேபினட் தகட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று முனகுகிற ஒரு வேகம் இருக்கும், அது எது என்று மெல்ல ஏற்றிப் பார்த்துக் கண்டுபிடித்து அதைத் தாண்டிப் போகிற மாதிரி கர்வ் (எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற கோடு) போடுங்கள்.

கர்வ் போடுவதற்கு பயாஸே போதும் என்பார்கள், எனக்குப் போதவில்லை. கேபினட் ஃபேன்கள் பொதுவாக அங்கே பிராசஸரின் சூட்டைப் பார்த்துத்தான் ஓடும், ஆனால் கேம் ஆடும்போது உள்ளே அதிகம் சூடு கக்குவது கிராஃபிக்ஸ் கார்டு, அதன் சூடு பல போர்டுகளின் பயாஸுக்குத் தெரியவே தெரியாது. ஃபேன்கன்ட்ரோல் என்று விண்டோஸுக்கு இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் 'மிக்ஸ்' என்பதை வைத்துப் பிராசஸர், கார்டு இரண்டின் கர்வில் எது அதிகமோ அதன்படி ஓடச் சொல்லலாம். அப்புறம் ஹிஸ்டெரிசிஸ் (சூடு லேசாக மாறியதுமே வேகத்தை மாற்றாமல் பிடித்துவைப்பது), அதையும் கொஞ்சம் வையுங்கள், இல்லாவிட்டால் பிரவுசர் திறந்ததும் சூடு ஒரு நொடி எகிறி ஃபேன் சீறி அடங்கி மறுபடி சீறும்.

கத்திரி வெயிலில் இதெல்லாம் மாயம் செய்யாது. அறையே 36 டிகிரியில் இருந்தால் ஃபேன் அந்த 36 டிகிரி காற்றைத்தான் உள்ளே தள்ளும்.

விளக்கு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இதிலேயே ஏ-ஆர்ஜிபி வகையும் வருகிறது. அதை வாங்கினால் விளக்கு வயர் 5 வோல்ட், மூன்று பின். மதர்போர்டில் அதற்குப் பக்கத்திலேயே 12 வோல்ட் நான்கு பின் ஆர்ஜிபி ஹெடரும் இருக்கலாம், அதில் எப்படியாவது அழுத்திச் சொருகிவிட்டால் விளக்கு அத்தோடு போச்சு.