லேமினேஷன் மெஷின் பாகங்கள்: அசலா, சந்தைப் பொருளா, பட்டறை வேலையா?

விளம்பரப் பலகை செய்யும் கடையில் 1600 மி.மீ. அகலக் கோல்ட் லேமினேஷன் மெஷின் (அச்சிட்ட தாளின் மேல் பசைப் படலத்தைச் சூடின்றி, ரோலர்களால் அழுத்தி ஒட்டும் இயந்திரம்) பழுதாகி நின்றால், உரிமையாளருக்கு மூன்று வழிகள் உண்டு. தயாரித்த நிறுவனத்தின் அசல் பாகத்தை வரவழைக்கலாம். பொதுச் சந்தையில் ஒத்த பாகத்தை வாங்கலாம். பழைய பாகத்தையே பட்டறையில் புதுப்பிக்கலாம். பலரும் விலையை வைத்தே முடிவு செய்கிறார்கள். கெட்டது எந்தப் பாகம் என்பதை வைத்து முடிவு செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

பேரிங்குக்கு அசல் பாகம் தேவையே இல்லை. அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணே அதன் அளவு. 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ.; மெஷின் எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும் இது மாறாது. தூசி படியும் இடமாதலால், இருபுறமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். செயினில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. 08பி, 40 ஆகிய இரு வகைகளுக்கும் கண்ணி இடைவெளி 12.7 மி.மீ. தான் என்றாலும், முன்னதன் உருளை விட்டம் 8.51, பின்னதன் விட்டம் 7.92 மி.மீ. ஆகும். மாற்றிப் போட்டால் பல்சக்கரம் விரைவில் தேயும்.

வெப்ப வசதியுள்ள மெஷின்களில் கன்ட்ரோல் போர்டுக்கு அசல் பாகமே நல்லது. அது கிடைக்காதபோது, அதே மாடலின் கழித்துப்போட்ட மெஷினிலிருந்து எடுத்ததைப் பொருத்தலாம். வெப்ப உணரியைப் பார்வைக்கு ஒத்திருக்கிறது என்று மாற்றக் கூடாது. கே வகையும் ஜே வகையும் ஒரே வெப்பத்துக்கு வெவ்வேறு மின்னழுத்தம் தருவதால், திரையில் தெரியும் அளவே பொய்யாகிவிடும்.

உண்மையான சிக்கல் ரோலரில்தான். முதலில் எந்த ரோலர் பழுது என்று அறிய, படலத்தில் திரும்பத் திரும்ப விழும் தழும்புகளின் இடைவெளியை அளக்க வேண்டும். 130 மி.மீ. விட்ட ரோலரானால் தழும்பு ஏறக்குறைய 408 மி.மீ.க்கு ஒருமுறை விழும். புதிய அசல் ரோலரின் விலையோடு, ஆளுயரத்துக்கு மேல் நீளமுள்ள கனமான பொருளை ஏற்றிவரும் செலவும் சேரும். இரும்புத் தண்டு வளையாமல் இருந்தால், பழைய ரப்பரை உரித்துவிட்டுப் புதிய ரப்பர் ஏற்றுவதையே நான் பரிந்துரைப்பேன்.

அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஆஃப்செட் அச்சகங்களின் மை ரோலர்களுக்கு வேலை செய்து பழகிய பட்டறைகள் நைட்ரைல் ரப்பரை ஏற்றிவிடக்கூடும். பசை ஒட்டாமல் விலகும் தன்மைக்காகவே இந்த மெஷின்களில் சிலிக்கான் ரப்பர் உள்ளது; ஆகவே சிலிக்கான் என்பதை ஆர்டரில் எழுதித் தர வேண்டும். ரப்பரின் கடினத்தையும், இரு முனைகளிலும் நடுவிலும் உள்ள விட்டத்தையும், உரிப்பதற்கு முன்பே அளந்து கொடுக்க வேண்டும். நீளமான ரோலர் அழுத்தத்தில் வளைவதை ஈடுகட்ட, நடுப்பகுதியைச் சிறிது பருமனாகக் கடைந்திருக்கக்கூடும். அந்த அளவு தவறினால், எவ்வளவு நல்ல ரப்பரானாலும் படலத்தில் சுருக்கம் விழும்.

திரும்பி வந்த ரோலரைப் பொருத்தியதும், ஒரே அகலக் காகிதத் துண்டுகளை இடம், நடு, வலம் என இரு ரோலர்களுக்கும் இடையில் வைத்து அழுத்தி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இறுக்கத்தில் வரும்வரை பட்டறைக்காரருக்குக் கூலியை முழுமையாகத் தீர்க்க வேண்டாம்.