மாட்டு மணி, டார்ட்டில்லா, கோல் கம்பம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மரபுகளில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம்) சனிக்கிழமை ஆட்டம் என்னவோ மூன்றரை மணி நேரம்தான். அதைச் சுற்றிய சடங்குகள் நாள் முழுக்க நடக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனக்கென்று ஒரு மரபு உண்டு. அதைப் பற்றி வருஷா வருஷம் ஒரு சண்டையும் உண்டு. "பழைய வழக்கம், கை வைக்காதே" என்பது ஒரு கட்சி. "ஆபத்து, நிறுத்து" என்பது மறு கட்சி. இரண்டு கட்சியும் மரபை ஒரே உருண்டையாகப் பார்க்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரசிகருக்குச் சந்தோஷம் தருவது அதில் எந்தப் பகுதி? அடுத்தவரைக் காயப்படுத்துவது எந்தப் பகுதி? இரண்டும் வேறு வேறானால் திருத்தி வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றேயானால் விட்டுவிடுவதைத் தவிர வழியில்லை.

மணியா, டார்ட்டில்லாவா?

மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக ரசிகர் கையில் இருப்பது, கைப்பிடி வைத்து வெல்டிங் செய்த மாட்டு மணி. தென்கிழக்கு மாநிலங்களின் லீக்கான எஸ்இசி, 1974இல் செயற்கை ஒலிக்கருவிகளைத் தடை செய்தது. ரசிகர்கள் மணியை உடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். 2010இல் லீக் இறங்கி வந்து நிபந்தனை போட்டது. ஆட்டத்துக்கு முன்பும், டைம் அவுட்டிலும், இடைவேளையிலும், புள்ளி எடுத்த பிறகும் ஆட்டலாம். பந்தைக் காலிடுக்கில் பின்னால் தரும் வீரரான சென்டர் பந்தின் மேல் குனிந்துவிட்டால், விசில் ஊதும் வரை மணி பேசக் கூடாது. மீறினால் அபராதம் பல்கலைக்கழகத்தின் தலையில்.

அந்த நொடியைக் குறிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அணியின் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் குரல் கொடுத்துத்தான் பந்தை வாங்குகிறார். குரல் கேட்காத லைன்மேன், அதாவது முன்வரிசை வீரர், முன்கூட்டியே அசைந்துவிடுவார். அது ஃபால்ஸ் ஸ்டார்ட். 5 கெஜம் பின்னே போக வேண்டும். தொண்டையால் கத்தி இதைச் செய்வது ரசிகரின் உரிமை, இரும்பால் செய்வது கூடாது என்பது லீக்கின் கணக்கு. நடைமுறையில் சிக்கல் வருவது மூன்றாவது டவுனில், அதாவது எதிரணியின் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்: கை தன்னாலே ஆடும். மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டால் போதும். மணியின் இன்பம் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச் டவுனுக்குப் பிறகு எழும் அந்த இரைச்சலில்தான் இருக்கிறது. நிபந்தனை அதைத் தொடவில்லை. வைத்துக்கொள்ளலாம்.

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் கதை வேறு. பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃப் நேரத்தில் மைதானத்துக்குள் டார்ட்டில்லா, அதாவது மெக்சிகோ சப்பாத்தி, வீசுவார்கள். நடுவில் சின்ன ஓட்டை போட்டால் நேராகவும் தூரமாகவும் பறக்கும் என்பது அங்கே பாலபாடம். 2025இல் பிக் 12 லீக் விதியை இறுக்கியது: முதல் முறை எச்சரிக்கை, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அணிக்கு 15 கெஜம் தண்டனை. அக்டோபர் 11 அன்று கான்சஸுடன் நடந்த ஆட்டத்தில் இரண்டு முறை தண்டனை விழுந்தது. பயிற்சியாளர் ஜோயி மக்கையரே ரசிகர்களை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது.

டார்ட்டில்லா பட்டு யாருக்கும் மண்டை உடையாது, வாஸ்தவம். ஆனால் எல்லாரும் எதையோ வீசும் நேரத்தில் யார் எதை வீசுகிறார் என்று எந்தக் காவலருக்கும் தெரியாது. மணிக்குப் போட்டது போல இதற்கு நேரக் கட்டுப்பாடும் போட முடியாது, வீசுவதுதான் மரபே. வெட்டி எடுக்க வேறு பகுதி இல்லை. ஆகவே விடவேண்டியது. டார்ட்டில்லாவுக்கு வேறு உபயோகமும் இருக்கிறது, தின்னலாம்.

மைதானம் சரி, கம்பம் வேண்டாம்

2022 அக்டோபர் 15 அன்று டென்னசி அணி அலபாமாவை 52-49 என வென்றது. ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி டென்னசி ஆற்றில் போட்டார்கள். 2024 அக்டோபர் 5 அன்று வான்டர்பில்ட் அதே அலபாமாவை 40-35 என வென்றது. கம்பம் நாஷ்வில் தெருக்களில் ஊர்வலம் போய் கம்பர்லாந்து ஆற்றில் இறங்கியது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம். அபராதத்தால் ஒன்றும் நடக்கவில்லை. புதுக் கம்பத்துக்கு டென்னசி இணையத்திலேயே வசூல் நடத்தியது, ரசிகர்கள் கொடுத்தார்கள். 2025இல் எஸ்இசி தொகையை ஒவ்வொரு முறைக்கும் 5,00,000 டாலர் ஆக்கியது. கூடவே ஒரு கதவையும் திறந்து வைத்தது: எதிரணியும் நடுவர்களும் வெளியேறும் வரை கூட்டத்தைத் தடுத்து வைத்தால் அபராதத்தைத் தள்ளுபடி செய்யலாம். தொகையைவிட இந்த இரண்டாவது வரிதான் வேலை செய்யக்கூடியது.

கம்பம் ஏன் கொல்கிறது? குறுக்குக் கம்பி தரையிலிருந்து 10 அடி உயரம், 18 அடி 6 அங்குல நீளம். அதன் இரு முனையிலிருந்தும் கம்பங்கள் நிமிர்ந்து நிற்கும். ஆட்கள் ஏறித் தொங்கும்போது முதலில் மெல்ல வளையும், பிறகு சட்டென்று விழும். சுற்றி நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு விலக இடமே இருக்காது. 1983 ஹார்வர்ட்–யேல் ஆட்டத்தில் விழுந்த கம்பம் ஒரு மாணவியைப் படுகாயப்படுத்தியது. 2005 அக்டோபரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகத்தில் ஒரு மாணவர் இறந்தே போனார். இப்போது சில மைதானங்களில் அடியில் கீல் வைத்த கம்பங்கள் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஊழியர்கள் சில நொடிகளில் தரையோடு சாய்த்துவிடுவார்கள். ஏற ஒன்றும் இல்லையென்றால் யாரும் ஏறுவதில்லை.

கம்பத்தைவிடக் கம்பி வேலி மோசம். 1993 அக்டோபர் 30 அன்று விஸ்கான்சின் மிச்சிகனை வென்றபோது கேம்ப் ராண்டால் மைதானத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது, தள்ளிக்கொண்டே இருந்தார்கள். முன்வரிசைக்காரர்கள் வேலியில் நசுங்கினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் கிளெம்சன் பல்கலைக்கழகம். அங்கே ஆட்டம் முடிந்தால் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி, நடுவில் வரைந்த புலிப்பாதத்தில் கூடுவது வாடிக்கை. வழக்கமாகக் கதவு திறக்கும் என்று தெரிந்தால் முண்டியடிக்க அவசியமில்லை. புல்லில் நிற்பது, வீரர்களோடு சேர்ந்து பாடுவது, படம் எடுப்பது என்று மைதானப் படையெடுப்பில் கிடைக்கும் எல்லாமே இதிலும் கிடைக்கிறது. மற்ற ஊர்கள் காப்பியடிக்க வேண்டிய மரபு இது. எதிரணி சுரங்கப்பாதைக்குள் போகும் வரை கயிறு. பிறகு எல்லா வாசலையும் ஒரே நேரத்தில் திறப்பது. ஒரு வாசலை மட்டும் திறந்தால் 1993 திரும்ப வரும்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் தீமேடை

இதுதான் கஷ்டமான வழக்கு. டெக்சஸ் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்கு முன் ஏ அண்ட் எம் மாணவர்கள் கொளுத்திய மரக்கட்டைக் குவியல், நம் சொக்கப்பனையின் பெரியப்பா. வாரக்கணக்கில் மரம் வெட்டி, லாரியில் ஏற்றி, கம்பியால் கட்டி, அடுக்கடுக்காக மாணவர்களே எழுப்புவார்கள். 1963இல் கென்னடி கொல்லப்பட்டபோது ஒரு முறை கொளுத்தாமல் பிரித்தார்கள். 1999 நவம்பர் 18 அதிகாலை, சுமார் 59 அடி உயரத்தில், 5,000க்கும் மேற்பட்ட கட்டைகளோடு அது சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள்.

விசாரணைக் குழு சொன்ன காரணத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டாம் அடுக்குக் கட்டைகளை முதல் அடுக்குக் கட்டைகளின் இடுக்கில் ஆப்பு மாதிரி இறக்கியிருந்தார்கள். அதனால் கீழ் அடுக்கு வெளிப்பக்கம் பிதுங்கியது. பிதுங்குவதைப் பிடித்து நிறுத்த, முந்தைய ஆண்டுகளில் முதல் அடுக்கைச் சுற்றி எஃகு வடம் கட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு கட்டவில்லை. வெறும் கட்டுக்கம்பிக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று: பொறியாளர் யாரும் வடிவமைப்பைச் சரிபார்க்காமல், ஒரு தலைமுறை மாணவர் அடுத்த தலைமுறைக்கு வாய்வழியாகக் கற்றுக்கொடுத்து வந்த கட்டுமானம் அது. இத்தனைக்கும் அமெரிக்காவில் பேர்பெற்ற பொறியியல் கல்லூரி.

பல்கலைக்கழகம் நிறுத்தியது. 2002 முதல் வளாகத்துக்கு வெளியே, பல்கலைக்கழகச் சம்பந்தமில்லாமல், மாணவர்கள் தனியாக நடத்துகிறார்கள். அங்கே வடிவமே வேறு. ஒவ்வொரு கட்டையும் தரையைத் தொட வேண்டும். கட்டையின் மேல் கட்டை நிற்காது. மையக் கம்பத்தைச் சுற்றிலும் துணைக் கம்பங்கள் உண்டு. உயரம் குறைந்தது, ஆப்பாக இறங்க மேலடுக்கே கிடையாது.

2024இல் வளாகத்துக்குள் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழுந்தது. பொறியாளர் வடிவமைத்து, ஒப்பந்ததாரர் கட்டுவது என்பது யோசனை. அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் மார்க் வெல்ஷ் மறுத்துவிட்டார். சரியான முடிவு. ஒப்பந்ததாரர் கட்டினால் பாதுகாப்பு வரும், ஆனால் மாணவர் கைவேலை போய்விடும். மிஞ்சுவது செலவு பிடித்த ஒரு நெருப்பு. கைவேலையை வைத்துக்கொண்டு வடிவத்தை மாற்றிய வெளிவளாகத் தீமேடைதான் மரபின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதே ஏ அண்ட் எம்மில் ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவு கோஷமும், மாணவர்கள் ஆட்டம் முழுக்க உட்காராமல் நிற்பதும் இருக்கவே இருக்கின்றன. கால்வலியைத் தவிர இழப்பில்லை.

விலங்குகளுக்கு எது சம்மதம்?

லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யு) சின்னமான உயிருள்ள புலிக்கு எப்போதும் மைக் என்றுதான் பெயர். அதை முன்பெல்லாம் கூண்டு வண்டியில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுவருவார்கள். 2017இல் வந்த ஏழாம் மைக்கிலிருந்து அது நின்றது. மைதானத்துக்கு எதிரே இருக்கும் தன் வளாகத்தில் புலி படுத்திருக்கிறது, ரசிகர்கள் போய்ப் பார்க்கிறார்கள். 2024 நவம்பரில் ஆளுநர் பிடிவாதம் பிடித்ததால், அலபாமா ஆட்டத்துக்கு ஃபுளோரிடாவிலிருந்து வேறொரு புலி வந்தது. எல்எஸ்யு 42-13 என்று தோற்றது. கூண்டு வண்டி போகட்டும், புலி இருக்கட்டும்.

கொலராடோவின் எருமை ரால்ஃபி இதற்கு நேர்மாறு. காட்டெருமைக்கு ஓட்டம் இயல்பு. ஐந்து பேர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே ஓடுவார்கள். ஐந்தாம் ரால்ஃபி கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடியதால் 2019இல் ஓய்வு. ஆறாம் ரால்ஃபிக்கு ஓடுவதில் நாட்டமே இல்லை என்று 2025இல் ஓய்வு. விலங்கின் விருப்பத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் மரபை நிறுத்தக் காரணம் தெரியவில்லை. ஆனால் இரண்டு விலங்குகளைப் படம் எடுக்க அருகருகே நிறுத்துவதை விட்டுவிடலாம். 2019 ஷுகர் பவுல் என்ற கோப்பை ஆட்டத்துக்கு முன் டெக்சஸின் காளை பீவோ, தடுப்பை உடைத்து ஜார்ஜியாவின் புல்டாக் அகாவை நோக்கிப் பாய்ந்தது. கையால் தள்ளினால் நகரும் தடுப்பு காளைக்குத் தடுப்பே அல்ல.

பலூனைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நெப்ராஸ்கா ரசிகர்கள் முதல் டச் டவுனுக்குச் சிவப்புப் பலூன்களை விடுவார்கள். ஹீலியம் பற்றாக்குறையால் 2022இல் பல்கலைக்கழகம் நிறுத்தியது. மருத்துவத்துக்கு வேண்டிய வாயு அது.

வேடங்களும் கொடிகளும்

ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் செமினோல் பழங்குடித் தலைவர் ஓசியோலாவின் வேடமிட்டவர் குதிரையில் வந்து எரியும் ஈட்டியை நடுமைதானத்தில் குத்துகிறார். ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடி அரசு இதற்கு ஆதரவு தந்தது. 2005இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ பூர்வகுடிச் சின்னங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, அந்த ஆதரவினால்தான் விலக்குக் கிடைத்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'சீஃப் இல்லினிவெக்' என்ற பழங்குடித் தலைவர் வேடமிட்ட மாணவர் 1926 முதல் நடனமாடினார். போட்டிருந்தது வேறொரு பழங்குடியான லக்கோட்டாவின் உடை. இல்லினாய் பூர்வகுடிகளின் வாரிசுகளான பியோரியா பழங்குடியினர் நிறுத்தச் சொன்னார்கள். 2007 பிப்ரவரியில் கடைசி நடனம். வித்தியாசம் சம்மதத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கில் ஓசியோலா நிற்கலாம். ஆனால் கையைக் கோடரியாக்கி வெட்டும் அந்த டோமஹாக் சைகை 1980களில் மாணவர் கூட்டம் உண்டாக்கியது, அதை விடலாம்.

உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியை ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழகம், ஒழித்த விதம் சாமர்த்தியமானது. கொடியைத் தடை செய்தால் பேச்சுரிமை வழக்கு வரும். 1997இல் மைதானத்துக்குள் குச்சி கொண்டுவரத் தடை என்றார்கள். குச்சி போனது, கொடியும் போனது. அதே கூட்டமைப்போடு ஒட்டிய டிக்ஸி பாட்டை பேண்டு வாசிப்பதை நிறுத்த 2016 வரை ஆனது. வளாகத்திலுள்ள குரோவ் தோப்பில் கூடாரம் போட்டு விருந்து வைப்பதற்கு ஒரு குறையும் வரவில்லை.

அயோவாவில் ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் கின்னிக் மைதானமே திரும்பி, எதிரே உள்ள குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்துக் கையசைக்கும். 2017இல் தொடங்கியது, செலவு பூஜ்யம். தரைப்படை, கடற்படைக் கல்லூரிகள் மோதும் ஆர்மி–நேவி ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் சேர்ந்து நின்று, தோற்றவர் கல்லூரிப் பாட்டை முதலில், வென்றவர் பாட்டை அடுத்துப் பாடுவார்கள். இவற்றில் அலச எதுவும் இல்லை.

கடைசியாக, வண்டி நிறுத்துமிடத்து விருந்தும் பீரும். இடைவேளையில் வெளியே போய்க் குடித்துவிட்டு மறுபடி நுழைய அனுமதிப்பது ஒரு முறை. உள்ளேயே பீர் விற்று, வெளியே போனவரைத் திரும்ப விடாதது மறுமுறை. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2011இல் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறியது. போலீஸ் தலையிட வேண்டிய சம்பவங்கள் குறைந்தன. இருபது நிமிடத்தில் அவசரமாக ஊற்றிக்கொள்வதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. உள்ளே வரிசையில் நின்று வாங்குபவர் அவ்வளவு வேகமாகக் குடிக்க முடியாது. விருந்து நடத்துபவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஆட்டத்துக்குப் போகும் அவசரத்தில் கரி அடுப்பை அப்படியே காருக்கடியில் தள்ளிவிட்டுப் போவது. மேலே சாம்பல் பூத்த கரி உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, மூடியுள்ள உலோக வாளியில் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும்.