பன்னெண்டாயிரம் ரூபா 8×42 பைனாகுலர்: நடுவுல சூப்பர், ஓரத்துல சொதப்பல்

பிராண்டு பேரு வேணாம் விடுங்க, ஆன்லைன்ல பன்னெண்டாயிரம் சொச்சத்துக்கு வாங்குன ரூஃப் பிரிசம் டைப், அதாவது குழாய் ரெண்டும் நேரா இருக்கற மாடல். 8×42ன்னா எட்டு மடங்கு பெரிசா காட்டும், முன் லென்ஸ் அகலம் 42 மில்லிமீட்டர். கொஞ்ச மாசமா வேலூர் கோட்டை, காவேரிப்பாக்கம் ஏரின்னு கழுத்துல மாட்டிக்கிட்டு சுத்துறேன், கண்ணாடி எப்படின்னு மட்டும் சொல்றேன்.

நடுவுல குறையே சொல்ல முடியாது. கோட்டைக்குள்ள தள்ளி நின்னு ஜலகண்டேஸ்வரர் கோபுரத்தைப் பாத்தா சுதை பொம்மையோட விரலு, பொந்துல உக்காந்திருக்கற புறாவோட கழுத்துப் பச்சை வரைக்கும் தெரியுது, கூட வந்த பங்காளி வாங்கிப் பாத்துட்டு "இன்னாபா, கைக்கு எட்டும் போல கீது"ன்னுட்டான். அதே பொம்மையை வட்டத்தோட ஓரத்துக்குத் தள்ளுங்க, மூஞ்சி தண்ணி பட்ட இங்க் மாதிரி கரைஞ்சிடும். ஃபோகஸ் வீலை லேசா திருப்பினா ஓரம் தெளியுது, உடனே நடு மங்கிடுது. அப்போ பிம்பம் விழற தளம் தட்டையா இல்ல, வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். இந்த விலையில இது சகஜம்தான், பறவையை நடுவுல வச்சே பாக்கறவங்களுக்கு உறுத்தாது, ஆனா ஏரியில வாத்துக் கூட்டத்தை எண்ணனும்னா கடுப்பாகும்.

ஈடி கிளாஸ், அதாவது கலர் பிரியறதைக் குறைக்கற ஸ்பெஷல் கண்ணாடி, இதுல கிடையாது, அதனால கலர் பிசிறு உண்டு. கரண்ட் கம்பியில ரெட்டைவால் குருவி உக்காந்து பின்னாடி வானம் வெளுத்திருந்தா வால் ஓரத்துல மெல்லிசா ஊதாக் கோடு ஓடுது. மத்த நேரத்துல தெரியல.

லென்ஸ்ல வெளிச்சம் எதிரொளிச்சு வீணாகாம இருக்கப் பூசற கோட்டிங் பரவால்ல. வீட்ல டியூப்லைட்டுக்குக் கீழ முன் லென்ஸைச் சாய்ச்சுப் பாத்தேன், உள்ள தெரியற பிம்பமெல்லாம் பச்சை, ஊதான்னு மங்கலா இருக்கு, பளிச்னு வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சா ஏதோ ஒரு பரப்புக்குக் கோட்டிங் போடாம விட்டுட்டான்னு வச்சிக்கலாம். 42ஐ 8ஆல வகுத்தா கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டம் 5.25 மில்லிமீட்டர், அதான் பொழுது சாஞ்சப்புறமும் கரையில நாரையோட அலகு கலரைச் சொல்ல முடியுது, 8×25 பாக்கெட் சைஸ்ல இதுக்கு வாய்ப்பே இல்ல.

நட்சத்திரம் பாக்கத்தான் மனசு ஒப்பல. காவலூர் வானாய்வு மையத்துல 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்குல்ல, அந்தப் பக்கம் ஜவ்வாது மலை இருட்டுல வியாழனைப் பாத்தேன், முழங்கையைப் பாறையில முட்டுக் கொடுத்தா பக்கத்துல நிலாங்க புள்ளி புள்ளியா தெரியுது, ஆனா வட்டத்தோட ஓரத்துல இருக்கற நட்சத்திரத்துக்கெல்லாம் வால் முளைச்சிடுது.

வாங்கறவங்க டெஸ்ட் பண்றேன்னு மத்தியானத்துல பாலாத்து பாலத்துக்குப் போயிடாதீங்க, மணல் சூட்டுல காத்து நெளியும், லட்ச ரூபா கண்ணாடியும் அங்க நடுங்கத்தான் செய்யும். காலைல வெயில் ஏறறதுக்குள்ள தூரத்து செல்போன் டவரைப் பாருங்க. ரெண்டு கண்ணுக்கும் நடு அகலத்தைச் சரி பண்ணியும் கம்பி ரெட்டையா தெரிஞ்சாலோ, கொஞ்ச நேரத்துல கண்ணு இழுத்துப் புடிச்சாலோ, ரெண்டு குழாயும் ஒரே நேரா இல்லன்னு அர்த்தம், அதை வீட்ல ஸ்க்ரூ டிரைவர் வச்சு நோண்டாம ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள மாத்திடுங்க.